தொப்பித் தொரையின் இங்கிலீஷ்

மலைப்பால் திட்டத்தின் பதுளை அலுவலகத்தில் சத்தியபாமாவின் இங்கிலீஷுக்குத் தனி மதிப்பு இருந்தது. கொழும்புக்குப் போகும் அறிக்கை எதுவானாலும் அவள் மேசைக்கு ஒருமுறை வந்துதான் போகும். அவளுடைய தகப்பனார் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் இங்கிலீஷ் வாத்தியார். பிள்ளை வினைச்சொல்லைப் பிசகாக வைத்தால், அது திருந்தும்வரை சாப்பாட்டுத் தட்டை எட்டத்தில் நகர்த்தி வைத்துவிடுகிறவர். அமெரிக்காவிலிருந்து மாட்டு நிபுணர் ஒருவர் வருகிறார், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று தகவல் வந்தபோது, திட்ட அலுவலர் கிஷாந்தன் வேறு யாரையும் யோசிக்கவில்லை.

"மிஸ், நீங்கள்தான் போகவேணும். உங்களுக்கு இது சின்ன வேலை," என்றார்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. வீதித் தடைகள் குறைந்து, வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் மலைநாட்டுப் பக்கமும் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. மலைப்பால் திட்டமும் அப்படி முளைத்ததுதான். லுணுகலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்கு நல்ல இனத்துச் சினைக் கிடாரிகள் கொடுப்பது, அவை கன்று போட்டதும் பாலைச் சங்கத்துக்கு ஊற்ற வைப்பது என்று ஏற்பாடு. மாடு வருவதற்கு முன் கொட்டில், புல், தண்ணீர் எல்லாம் பார்த்து யோசனை சொல்லத்தான் அந்த அமெரிக்கர்.

அவர் பெயர் வெண்டல் டாகெட். எழுபதைத் தாண்டியவர். வயோமிங் என்ற மாநிலத்தில் பண்ணை வைத்திருந்து, மனைவி இறந்தபின் அதை மகனிடம் விட்டுவிட்டு, நாடு நாடாகப் போய் இலவசமாக மாட்டு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். கால் இரண்டும் இடுக்கியைப்போல வளைந்திருக்கும். தலையில் அகன்ற விளிம்பு வைத்த தொப்பி. பதுளை ரயில் நிலையத்தில் இறங்கியதும் அதன் ஓரத்தைத் தொட்டு சத்தியபாமாவிடம் ஏதோ சொன்னார். ஒரு சொல்கூட அவளுக்குப் பிடிபடவில்லை. பயணக் களைப்பில் குழறுகிறார் என்று எண்ணிக்கொண்டாள்.

நிலையத்துக்கு எதிர்க்கடையில் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். டாகெட் ஒரு வாய் குடித்தார். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "வயிறு கழுவுகிற தண்ணீர்," என்று தன் இங்கிலீஷில் சொல்லிவிட்டு மேசையில் வைத்தார்.

சத்தியபாமா பதறிப்போனாள். வேன் சாரதி ஹுமைதிடம் ஓடி, "மனுசனுக்கு வயித்தாலை போகுதாம் போல. வழியில ஒரு பார்மசியில நிப்பாட்டுங்கோ," என்றாள். ஹுமைத் நிறுத்தினார். மாத்திரை வாங்கியாயிற்று. டாகெட் மாத்திரைகளை வாங்கிப் பார்த்து, இந்த ஊர் வழக்கம்போலும் என்று நினைத்தாரோ என்னவோ, நன்றி சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர்கள் ஊர் மாட்டுக்காரர்கள் நிறம் மட்டும் இருந்து சாரம் இல்லாத பானத்தை அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தோட்டத்தில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த மைதானம்தான் கூட்டம் என்றாலும் கலியாணம் என்றாலும் அவர்களுக்குப் பொது இடம். பால் சங்கத் தலைவர் மாரிசாமி சால்வையோடு நின்றார். டாகெட் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இங்கே பெரிய சீனி யார்?" என்று கேட்டார்.

சத்தியபாமா ஒரு கணம் தயங்கினாள். அவளுக்குத் தெரிந்தவரையில் இங்கிலீஷில் சீனி என்றால் இரண்டே பொருள். தேநீருக்குப் போடுவது ஒன்று, இரத்தத்தில் ஏறுவது மற்றது.

"அவர் கேக்கிறார், இஞ்ச ஆருக்குச் சீனி வருத்தம் கூட எண்டு."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. மாரிசாமி சால்வையைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்குத்தாங்க கூட. எப்படிங்க மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சாரு?" என்றார். பின்னாலிருந்து இன்னும் சிலர் கை தூக்கினார்கள். டாகெட் எல்லாரையும் கண்டு பிரமித்துப்போனார். அவர் கேட்டது முதலாளி யார் என்று. இத்தனை முதலாளிகள் இருக்கிற தோட்டத்தை அவர் பார்த்ததில்லை.

அன்று அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மாட்டு வேலையில் துரைக்கு எவ்வளவு பழக்கம் என்று ஒருவர் கேட்க, டாகெட் சிரித்துக்கொண்டு, தான் யானையைப் பார்த்தவன் என்றார். பட வேண்டியதெல்லாம் பட்டு முடித்தவன் என்று அதற்கு அர்த்தமாம். சத்தியபாமாவுக்கு அது எங்கே தெரியும்? "அவர் யானையைப் பாத்திருக்கிறாராம்," என்றாள். "எங்கிட்டு? பிபிலை ரோட்டுலயா?" என்று ஒருவர் கேட்டார். போன மாதம் பஸ்ஸை மறித்த கொம்பன் யானையைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. கூட்டம் முடியும்வரை மாட்டுக்குத் திரும்பவில்லை.

திரும்பி வந்ததும் கிஷாந்தன் அவளைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாக மலைநாட்டிலேயே வேலை பார்க்கிறவர். எதையும் சத்தமில்லாமல் முடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

"அந்தாள் கதைக்கிறது முழுக்கத் தேவையில்லை, மிஸ். சாரத்தை மட்டும் எடுத்து மரியாதையாச் சொல்லுங்கோ. அவ்வளவு காணும்."

அதற்குப் பிறகு சத்தியபாமா அப்படியே செய்தாள். டாகெட் என்ன சொன்னாலும் அது அவள் வாயிலிருந்து அறிக்கைத் தமிழாக வெளியே வந்தது. "மேம்படுத்த வேண்டும் என்கிறார்." "கவனம் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறார்." ஆட்கள் தலையாட்டினார்கள். யாரும் எதையும் மேம்படுத்தவில்லை.

ராசம்மாவின் கொட்டிலில்தான் அது உடைந்தது.

ராசம்மா கொழுந்து எடுக்கிறவள். புருஷன் இல்லை. ஒரே ஒரு நாட்டு மாட்டை வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவள். அந்த மாடு போன மாரியில் பள்ளத்தில் சறுக்கி விழுந்து செத்துப்போனது. புது மாடு கிடைக்கப்போகிற குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று என்பதால், கொட்டிலுக்குப் புதிதாகச் சீமெந்து பூசி, கண்ணாடிபோல வழித்து வைத்திருந்தாள். டாகெட் உள்ளே போய்ச் சப்பாத்துக் காலால் தேய்த்துப் பார்த்தார். கையை ஆட்டி, வளைந்த காலை இன்னும் வளைத்து, தள்ளாடி நடித்துக் காட்டி, நீளமாகப் பேசினார்.

"தளத்தைச் சற்று மேம்படுத்த வேண்டுமாம்," என்றாள் சத்தியபாமா.

ராசம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. அவரு கையக் கால ஆட்டி அம்புட்டு நேரம் பேசுனாரு. நீங்க சொன்னது ஒரு வரி. மிச்சத்த எங்க வச்சிருக்கீங்க?"

சத்தியபாமாவுக்கு முகம் சுட்டது. தகப்பனாரிடம்கூட அவள் இப்படி மாட்டிக்கொண்டதில்லை. டாகெட்டிடம் திரும்பி, சொன்னதைத் திரும்ப, மெதுவாகச் சொல்லும்படி கேட்டாள். பிறகு ராசம்மாவிடம் சொன்னாள்:

"இந்தத் தரையில மாடு நிண்டால், சம்பள நாளில சாராயக்கடை வாசல்ல நிக்கிற மாட்டுக்காரன் மாதிரித்தான் நிக்குமாம். நாலு காலும் நாலு திசையில போகுமாம். பிறகு அதைத் தூக்க ஊரே வரவேணுமாம்."

ராசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அட, அங்கயும் சம்பள நாளு நம்ம மாதிரிதானா!" பக்கத்து வீட்டுத் தனுஜாவையும் கூப்பிட்டுச் சொன்னாள். மறுநாள் போனபோது சீமெந்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சரளை பரப்பியிருந்தாள். லயத்தில் மற்றவர்களும் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்று வேனில் வரும்போது சத்தியபாமா டாகெட்டிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டாள், இந்த இங்கிலீஷ் எந்தப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் என்று. அவர் கடகடவென்று சிரித்தார். அவருடைய பாட்டனார் டெக்சாஸிலிருந்து வடக்கே மந்தை மந்தையாக மாடு ஓட்டிப் போனவராம். பல மாதம் மாட்டோடும் தூசியோடும் கிடக்கிறவர்களுக்குப் பொழுதுபோக்கு வாய் மட்டும்தான். அதனால் எந்தப் பொருளையும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். தாய் தகப்பனை இழந்து அந்தக் கிழவரிடம் வளர்ந்ததால் தனக்கும் அதே வாய் என்றார். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவது நுரையீரலைக் காயப்போடுவது. வாயை மூடு என்பதற்கு உதட்டுக்குத் தளை போடு. சுடுகாடு எலும்புத் தோட்டம். பொய் சொன்னவன் அதை ஒப்புக்கொண்டால் சோளத்தை ஒத்துக்கொண்டான். ஏன் சோளம் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆடம்பரம் மட்டும் உள்ளவன், தொப்பி இருக்கிறது, மாடு இல்லை.

இவற்றை அப்படியே தமிழில் சொன்னால் லயத்தில் யானைக் கதைதான் ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய யாழ்ப்பாணத் தமிழிலும் இவற்றுக்குச் சொல் இல்லை. எனவே ராசம்மாவிடம் போனாள். டாகெட் சொன்ன விஷயத்தைச் சொல்லி, இதை இங்கே எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்பாள். தொப்பிக்கும் மாட்டுக்கும் ராசம்மா யோசிக்கவே இல்லை: "பெரட்டுக்கு மொத ஆளு, மலையில காணோம்னு சொல்லுங்க." அதாவது பெயர் கூப்பிடும்போது முன்னால் நிற்பான், கொழுந்து எடுக்கிற இடத்தில் இருக்க மாட்டான். வயிறு கழுவும் தண்ணீருக்கு, "கழனித் தண்ணி." கிடாரியைச் சத்தியபாமா நாகு என்று சொன்னதை யாரும் விளங்கிக்கொள்ளாமல் இருந்ததற்கும் ராசம்மாவே காரணம் சொன்னாள்: "கெடேரின்னு சொல்லுங்க மிஸ். நாகுன்னா எங்களுக்குப் பாம்பு ஞாபகந்தான் வருது."

பிறகு கூட்டங்கள் வேறு மாதிரி ஆகின. டாகெட் பேச ஆரம்பித்ததுமே பெண்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். புல் நறுக்குவது, மடி கழுவுவது, கன்றுக்குச் சீம்பால் விடுவது எல்லாம் சிரிப்போடு போய்ச் சேர்ந்தன. அவருக்குத் தொப்பித் தொரை என்று பெயர் விழுந்தது. மாரிசாமி ஒருநாள் வரவேற்புரையை இழுத்துக்கொண்டே போனபோது டாகெட் முணுமுணுத்ததை சத்தியபாமா மொழிபெயர்க்கும் முன்பே, "உதட்டுக்குத் தளையா மிஸ்?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள். கிஷாந்தனும் அதைக் கேள்விப்பட்டார். வேலை நடந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

மாடுகள் வந்த நாளில் பெரட்டுக்களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். திட்டத்தை நடத்திய நிறுவனத்தின் தலைவி கொழும்பிலிருந்து வந்திருந்தார். தமிழ் தெரியாத, நல்ல இங்கிலீஷ் பேசும் அம்மையார். முதல் லொறியிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக மாடுகள் இறங்கின. மற்றவை மலையடியில் இரண்டாவது லொறியில் நின்றன. முதல் சினையில் இருக்கும் கிடாரிகள் என்றுதான் தாள் சொன்னது.

சீட்டுக் குலுக்கலில் ராசம்மாவுக்கு விழுந்தது கறுப்பு மாடு. மாலையோடு போனவள் அதன் கொம்பைத் தடவினாள். கன்று போடப் போடக் கொம்பின் அடியில் வளையம் விழும், மாட்டுக்காரர்களுக்கு அது பிறந்த தேதி மாதிரி. அந்தக் கொம்பு வழவழவென்று, எண்ணெய் பூசினதுபோல இருந்தது. ராசம்மாவின் விரல் அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு அவள் மாட்டின் விலாவிலும் அடிவயிற்றிலும் உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் மாலையைக் கட்டினாள். சத்தியபாமா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயத்தில்தான் வாய் திறக்கவில்லை என்று அவளுக்குப் பட்டது.

டாகெட் வரிசையாகப் போய் மூன்று மாடுகளின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். நான்காவதைப் பார்க்கவில்லை. கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார். பேசும்படி கூப்பிட்டார்கள். தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன் போனார்.

அந்தக் கறுப்பி காகத்துக்கு வைத்த இரை என்றார். பக்கத்தில் நிற்பவள் ஈறால் மெல்கிறவள். மூன்றாமவள் ஒரு யானை அல்ல, யானை மந்தையையே பார்த்தவள். இவர்களைக் கிடாரி என்று விற்றவன் எவனோ, அவன் முன்னால் வந்து சோளத்தை ஒத்துக்கொள்ளட்டும். இந்தக் கிழவிகள் எலும்புத் தோட்டத்துக்குப் பாதி வழி போயாயிற்று, மிச்ச வழியையும் லயத்து ஜனங்கள் தலையில் கட்டுகிறீர்கள்.

கொழும்பு அம்மையார் புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். ஈறு, யானை, சோளம், தோட்டம். அமெரிக்கர் நாட்டுப்புறக் கதை ஏதோ சொல்கிறார் என்று நினைத்து மெதுவாகக் கை தட்டினார்.

கிஷாந்தன் சத்தியபாமாவின் பக்கத்தில் வந்து நின்றார். உதடு அசையாமல் சொன்னார்: "மாடுகள் புது இடத்துக்குப் பழகக் கொஞ்ச நாள் எடுக்கும் எண்டு சொல்லுறார். அவ்வளவுதான், மிஸ்."

அவள் ஒலிவாங்கியை வாங்கினாள். முன்வரிசைப் பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நேரம் பேசினவருக்கு ஒரு வரி சொல்லிவிட்டு இறங்கினால் இவர்களுக்குத் தெரிந்துவிடும். அதைவிட, மாலையோடு கறுப்பு மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ராசம்மாவின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"தொரை சொல்லுறார்," என்று ஆரம்பித்தாள். "இந்தக் கறுப்பி பேர் வெட்டின மாடு. பென்சன் எடுத்திட்டுது."

முதலில் ஒரு சிரிப்பு. வயது போனவர்களைத் தோட்ட வேலையிலிருந்து நிறுத்துவதைத்தான் அங்கே பேர் வெட்டுவது என்பார்கள்.

"பக்கத்தில நிக்கிறதுக்குப் பல்லில்லை, ஈறாலதான் மெல்லுது. அங்கால நிக்கிறது நாலைஞ்சு கங்காணியைக் கண்ட மாடு. இதையெல்லாம் கெடேரி எண்டு வித்தவன் பெரட்டுக்கு மொத ஆளு, மலையில காணோம். ஒளிஞ்சிருக்கிற இடத்தை விட்டு வந்து ஒத்துக்கொள்ளட்டுமாம். இந்த மூண்டுக்கும் எலும்புத் தோட்டத்தில பேர் பதிஞ்சாச்சு. வண்டிக் கூலியை மட்டும் நீங்கள் குடுக்கிறியள்."

பெரட்டுக்களமே சிரித்தது. தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். மாரிசாமி சால்வையால் கண்ணைத் துடைத்தார். அமுக்கி வைக்க முடியாத சிரிப்பு அது. அம்மையார் கிஷாந்தனிடம் குனிந்து, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். கிஷாந்தனுக்கு வேறு வழியில்லை. அமெரிக்கரின் இங்கிலீஷைத் தெளிவான இங்கிலீஷில் அவருக்குச் சொன்னார். சொல்லச் சொல்ல அம்மையாரின் முகம் இறுகியது.

மாடுகள் அத்தனையும் அன்று பின்னேரமே, மாலையைக்கூடக் கழற்றாமல், லொறியில் திருப்பி ஏற்றப்பட்டன. விற்றவரோடு ஒப்பந்தம் முறிந்தது. அவர் வழக்குப் போடுவேன் என்றார், போடவில்லை. வருடம் முடிகிற காலமாக இருந்ததால், செலவாகாத தொகை கொழும்புக்குத் திரும்பிப் போயிற்று. லயத்துக் கொட்டில்கள் சரளை பரப்பினபடி காலியாகக் கிடந்தன.

லொறி போன பிறகு சத்தியபாமா ராசம்மாவைத் தேடிக்கொண்டு லயத்துக்குப் போனாள். ஒரு நன்றியை எதிர்பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ராசம்மா வாசலில் புல்லுக்கட்டை அவிழ்த்துப் பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு மிஸ் உங்களக் கேட்டா?"

"நான் அவர் சொன்னதைத்தானே..."

"நாங்க பாக்கலையா? கொம்பத் தொட்டவ நானு. அரத்தால ராவி எண்ண தடவியிருந்துச்சு. கெழட்டு மாடுன்னு பச்சப் புள்ளைக்குந் தெரியும்." இப்போது நிமிர்ந்தாள். "ஆனா வயித்துல கன்னு இருந்துச்சு. கைய வச்சுப் பாத்தேன், அசைஞ்சுச்சு. அது கெடேரியாப் பொறந்திருந்தா எனக்கு மாடு. கெழடு செத்தாலும் அது இருக்கும். இப்ப என்ன இருக்கு? புல்லு இருக்கு."

சத்தியபாமா வாசலில் நின்றாள். உள்ளே வா என்று ராசம்மா சொல்லவில்லை.

"நல்லாத்தான் பேசுனீங்க," என்றாள் ராசம்மா, புல்லைத் தட்டிக்கொண்டே. "நானுஞ் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சுப் பாத்தா மாடு லொறியில நிக்குது."

வேனில் அவள் அதை டாகெட்டிடம் சொன்னாள், ராசம்மா பேசினது ஒன்று விடாமல், தகப்பனார் கற்றுக்கொடுத்த நேரான இங்கிலீஷில். டாகெட் முன் ஆசனத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"உண்மையாகவே சினையா?"

"அவவின் கைக்குத் தெரிந்திருக்கிறது."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முடி கொட்டின தலை அவரை இன்னும் வயதானவராகக் காட்டியது. தான் பல்லைப் பார்த்த கோபத்தில் வயிற்றைப் பார்க்கவில்லை என்றார். கொஞ்சத் தூரம் போனபின், "சோளத்தை ஒத்துக்கொள்கிறேன்," என்றார்.

"நீங்கள் ஒத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவீர்கள்," என்றாள் சத்தியபாமா. அவள் வாழ்நாளில் ஒரு பெரியவரிடம் அப்படிப் பேசினது அதுவே முதல் தடவை. "நானும் பதுளைக்குப் போய்விடுவேன்."

ஹுமைத் கண்ணாடியில் இருவரையும் பார்த்துவிட்டு வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அந்த வார இறுதியில் டாகெட் ரயிலேறினார். கையை நீட்டி, அவளோடு வேலை செய்தது பெருமை என்றார். அவளும் கை கொடுத்தாள். கோபம் அதற்குள் அவர் மேலிருந்து இறங்கித் தன் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

புது வருடத்தில் கிஷாந்தன் அவளை மொனராகலைக் கிளைக்கு மாற்றினார். கரும்புத் தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டுத்தோட்டம் போடுகிற வேலை. "தண்டனை எண்டு நினைக்க வேண்டாம், மிஸ்," என்றார். பிறகு மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடித் திறந்துகொண்டு, "மாடு கிழடு எண்டு எனக்கும் தெரியும். கிழட்டு மாடும் இல்லாமல் போறதைவிட அது இருக்கட்டும் எண்டு பாத்தன். பிழையா இருக்கலாம்," என்றார். அவளும் அவரிடம் பிழை என்று சொல்லவில்லை. அவளுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அடுத்த வருடம் வேறு இடத்தில் வாங்கின மாடுகள் வருகின்றன, பாதித் தொகைதான், ஆகவே மாடும் பாதிதான் என்று கேள்விப்பட்டதும் சத்தியபாமா லீவு போட்டுவிட்டு லுணுகலைக்கு பஸ் ஏறினாள். சங்கக் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. கடைசி வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தாள். புதிதாகக் குலுக்கின சீட்டில் பக்கத்து வீட்டுத் தனுஜாவின் பெயர் இருந்தது. ராசம்மாவின் பெயர் இல்லை.

கிஷாந்தன் வாசித்து முடித்ததும் ராசம்மா எழுந்தாள்.

"சீட்டு குலுக்குனது நீங்க. மாடு நிக்கப் போறது எங்க லயத்துல. தனுஜா வீட்டுல கொட்டிலே இல்ல, என் கொட்டில் ஒரு வருசமாச் சும்மா கெடக்கு. மாடு அவளுது. ஆனா என் கொட்டில்ல நிக்கட்டும். புல்லு நான் அறுக்குறேன், சாணி நான் அள்ளுறேன். பால்ல எனக்குப் பங்கு வேணாம். மொதக் கன்னு எனக்கு."

மண்டபத்தில் பேச்சு எழுந்தது. தனுஜா புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குச் சம்மதந்தாங்க," என்றாள். அவளுக்குச் சின்னக் குழந்தை. விடிய எழுந்து புல் அறுக்க ஆள் கிடைத்தால் போதும்.

"காளக் கன்னாப் பொறந்தா என்ன செய்யிறது?" என்று மாரிசாமி கேட்டார்.

"காளைன்னா அது அவளுக்கு. வித்துக்கட்டும். எனக்கு அடுத்தது."

"அடுத்ததுங் காளைன்னா?"

"மாடு இருக்குல்ல தலைவரே, போட்டுக்கிட்டுத்தானே இருக்கும்? நான் எங்கயும் போகப் போறதில்ல."

கிஷாந்தன் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கடைசி வாங்கைப் பார்த்தார். "மிஸ், இப்பிடி ஒரு ஏற்பாடு சரிவருமே?"

எல்லோரும் திரும்பினார்கள். ராசம்மாவும் திரும்பினாள். அப்போதுதான் சத்தியபாமா வந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் முகம் மலரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. வந்ததைப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அவவைத்தான் கேளுங்கோ, சேர்," என்றாள் சத்தியபாமா.

ராசம்மா சொன்னபடியே முடிவாயிற்று. கூட்டம் கலைந்தபோது சத்தியபாமா வாசலில் நின்றாள். ராசம்மா நிற்காமல், ஆனால் நடையைக் கொஞ்சம் தளர்த்தி, "சாப்பிட்டுப் போங்க," என்றாள். ரொட்டியும் மாசிச் சம்பலும் இருந்தன. மாட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. மொனராகலையில் வெயில் எப்படி, தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று ராசம்மா கேட்டாள், அவள் சொன்னாள்.

முதல் கன்று காளையாகத்தான் பிறந்தது. தனுஜா வீட்டார் அதை விற்று வீட்டுக்குக் கூரைத் தகரம் போட்டார்கள். ராசம்மா கொஞ்ச நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் புல் அறுப்பதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. இரண்டாவது கிடாரி. அது வளர்ந்து சினைப்பட்ட சமயத்தில் சண்டை மறுபடி தொடங்கி, வீதித் தடைகள் திரும்பி வந்து, மலைப்பால் திட்டம் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. பால் சங்கம் மட்டும் இருந்தது.

இதையெல்லாம் மாரிசாமி சத்தியபாமாவுக்குச் சொன்னது மொனராகலை பஸ்ஸில், நெரிசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. அவர் மருந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"ராசம்மாட மாடு நல்லாக் கறக்குதோ?" என்று கேட்டாள்.

"கறக்குதுங்க மிஸ், கொற சொல்ல முடியாது. ஆனா சரியான உதை. அவளத் தவிர ஒருத்தருங் கிட்டப் போக முடியல. போன வாரம் எனக்கே ஒண்ணு விட்டுச்சு," என்று கட்டியிருந்த சாரத்தைக் கொஞ்சம் தூக்கி முழங்காலைக் காட்டினார்.